உப்புக்காற்றும் ஒரு கோடி பவுண்டு காரும்!

குட்டீஸ், முதலில் ஒரு புதிர்!

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குடும்பம். அவர்களிடம் தாத்தா காலத்து மரப்படகு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் அடிப்பலகை உளுத்துப்போனது. ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றினார்கள். அடுத்த வருடம் பக்கப்பலகை இரண்டு போயிற்று. அதையும் மாற்றினார்கள். பிறகு முன்முனை, பிறகு குறுக்குச் சட்டங்கள்... இப்படியே முப்பது வருடத்தில் எல்லாப் பலகையும் மாறிவிட்டன. இப்போது கரையில் நிற்பது தாத்தாவின் படகா, புதுப்படகா?

"தாத்தா படகுதான்! பேரன்தானே ஓட்டுகிறான்?" என்பார்கள் சிலர். "ஓர் ஆணிகூடப் பழசு இல்லையே, எப்படித் தாத்தா படகு ஆகும்?" என்று கேட்பார்கள் வேறு சிலர். இந்தச் சண்டை புதிதல்ல. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை வைத்துக் கிரேக்க நாட்டு அறிஞர்கள் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படி மோதிக்கொண்டார்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அவர்களுக்கு இது விளையாட்டுப் புதிர் அல்ல. 'அதே கார்தான்' என்றால் விலை கோடிகளில். 'இல்லை' என்றால் லட்சங்களில்கூட நிற்காது! 1990-ல் ஒரு காருக்காக இந்தப் புதிர் லண்டன் நீதிமன்றப் படியே ஏறியது. நீதிபதி என்ன சொன்னார்? பொறுங்கள், சொல்கிறேன். அதற்கு முன், பழவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்போர்ட்ஸ் கார்கள் சீறிப் பாய்ந்த ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஓர் எட்டு போய்விட்டு வருவோமா?

விமானம் இறங்கிய இடத்தில் கார் பந்தயம்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, செங்குன்றம் வழியாகச் சென்னைக்குப் போகிற வழியில் சோழவரம் வரும். சென்னைக்குக் குடிநீர் தரும் சோழவரம் ஏரி எல்லாருக்கும் தெரியும். ஆனால், உங்கள் தாத்தாவிடம் 'சோழவரம்' என்று சொல்லிப் பாருங்கள். "டுர்ர்ர்..." என்று அவர் வாயாலேயே கார் ஓட்டிக் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்!

இரண்டாம் உலகப் போர் காலத்தில் சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் போடப்பட்டது. போர் முடிந்ததும் அந்த நீண்ட தளத்துக்கு வேலை இல்லாமல் போனது. வேகமாக ஓட்ட ஆசை, ஆனால் ஓட்ட இடம் இல்லை என்று தவித்துக்கொண்டிருந்த கார் பிரியர்களுக்கு அது கண்ணில் பட்டது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் உருவானது. சோழவரம் பந்தயங்கள் நாடு முழுக்கப் பெயர் பெற்றன.

இங்கிலாந்திலும் இதே கதைதான். புகழ்பெற்ற சில்வர்ஸ்டோன் பந்தயத் தளமும் முதலில் போர்க்கால விமானத் தளமாக இருந்ததுதான். அங்கே 1948-ல் பந்தயம் தொடங்கியது. எதிரியோடு மோதப் போட்ட சிமென்ட் தளங்கள், விளையாட்டுக்குப் பயன்பட்டன பாருங்கள்!

சோழவரத்துக்கு எம்.ஜி., ஜாகுவார் போன்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் வந்தன. இரண்டே இருக்கை, தாழ்ந்த உடல், திறந்த கூரை, நீண்ட மூக்கு. ஆனால், எண்ணிக்கையில் அவை மிகவும் குறைவு. சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ராஜா வீட்டிலோ பெரிய வியாபாரி வீட்டிலோ ஏற்கெனவே இருந்த கார்கள்தான் கை மாறிக் கை மாறி ஓடின. ஒரு பாகம் உடைந்தால் லண்டனிலிருந்து வரவழைக்க முடியாது. பட்டறையில் கடைந்து செய்துகொள்ள வேண்டியதுதான். நம் ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறமை அப்படித்தான் வளர்ந்தது.

சரி, ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டில் இருந்த காரையே பந்தயக் கார் ஆக்கினார்கள்! அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு... மூன்றும் சோழவரத்தில் ஓடின. இதில் ஹெரால்டு நம் கதைக்கு ரொம்ப முக்கியம். ஏனென்றால், அது சென்னையில் பிறந்தது. அதன் தம்பி அசல் ஸ்போர்ட்ஸ் கார்!

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. சோழவரத்தின் உறுமல் அடங்கியது.

வண்டலூரில் பிறந்த அண்ணன்

இன்று வண்டலூர் என்றால் நமக்கு மிருகக்காட்சி சாலைதான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1948-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. பிரிட்டனில் 1959-ல் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் வந்த காரை, 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இங்கே தயாரித்தார்கள்.

அதை வரைந்தவர் ஜியோவானி மிக்கேலாட்டி என்ற இத்தாலியர். இன்று பார்த்தாலும் அழகான கார். அதில் இரண்டு வேடிக்கைகள் உண்டு. ஒன்று, அதன் பானெட். மற்ற கார்களில் மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த மூக்கும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும், முதலை வாயைத் திறப்பதுபோல! மெக்கானிக்குக்குக் கொண்டாட்டம், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்னொன்று, அது திரும்பும் விதம். வெறும் 25 அடி வட்டத்துக்குள் முழுச் சுற்றுத் திரும்பிவிடும். சந்துக்குள் புகுந்து ஆட்டோ திரும்புவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அப்படி!

ஹெரால்டுக்கு அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதற்கு 'சேஸிஸ்' என்று பெயர். நமக்கு முதுகெலும்பு மாதிரி. அதன்மேல் உடல் பகுதிகளை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே இரண்டு இருக்கை உடலைப் பொருத்தி, பிரிட்டனில் 1962-ல் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விட்டார்கள். அதுதான் 'டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்'. போர் விமானத்தின் பெயர்! 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் பல பாகங்கள் ஒன்றேதான். இதனால் என்ன நன்மை என்கிறீர்களா? ஸ்பிட்ஃபயர் பிரியர்கள் உலகம் முழுக்க இருப்பதால், அதன் உதிரி பாகங்களை இன்றும் புதிதாகத் தயாரிக்கிறார்கள். சென்னையில் ஹெரால்டு வைத்திருப்பவர் முன்சக்கரப் பாகம் ஒன்றுக்குப் புதுப்பேட்டை முழுக்க அலைந்து கிடைக்காவிட்டால், தம்பி பெயரைச் சொல்லி இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம்.

ஆனால், ஒன்று மட்டும் இங்கிலாந்தில் கிடைக்காது. 1968-ல் நம் ஆட்கள் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தார்கள். பெரிய குடும்பம் ஏறி இறங்க வசதியாக! பிரிட்டனில் ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டு கதவுதான். ஆக, நான்கு கதவு ஹெரால்டின் கதவு நெளிந்துபோனால், அதை நம் டிங்கரிங் அண்ணன்கள்தான் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்த வேண்டும்.

குருவை மிஞ்சிய சீடன்

ஜப்பான் கார் என்றால் இன்று உலகமே கைகூப்பும். அந்த ஜப்பானும் ஒரு காலத்தில் மாணவன்தான். வண்டலூரில் பிரிட்டிஷ் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அதே 1950-களில், ஜப்பானின் நிஸான் நிறுவனம் பிரிட்டனின் ஆஸ்டினுடன் 1952-ல் ஒப்பந்தம் போட்டு, ஆஸ்டின் கார்களைத் தன் நாட்டில் தயாரித்தது. இரண்டு பேருக்கும் ஒரே வாத்தியார்!

அந்த மாணவன் 1969-ல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவந்தான். ஜப்பானில் 'ஃபேர்லேடி இஸட்', வெளிநாடுகளில் 'டாட்சன் 240 இஸட்'. பார்க்க ஜாகுவார் இ-டைப்பின் நீண்ட மூக்கு நினைவுக்கு வரும். ஆனால் மழையில் நின்றாலும் ஒழுகாது, காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். அமெரிக்காவில் அதன் விலை 3,526 டாலர். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகளுக்கு வியர்த்துவிட்டது!

அதன் எஞ்சினிலும் பிரிட்டிஷ் வாசனை உண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர், 'எஸ்.யூ.' என்ற பிரிட்டிஷ் வகை. ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்தது. எஸ்.யூ. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. ஸ்கின்னர்கள் செருப்புக்கடைக் குடும்பத்துக்காரர்கள். முதன்முதலில் அவர்கள் செய்த கார்புரேட்டரில் கொல்லன் துருத்திபோல ஒரு தோல்பை இருந்ததாம். தோல் சும்மா கிடைத்திருக்கும்!

இதே காலத்து இன்னொரு ஜப்பான் கார், டொயோட்டா 2000 ஜி.டி. 1967 முதல் 1970 வரை சுமார் 350 கார்களே செய்தார்கள். செய்வதற்குத் துணை நின்றது யமஹா. ஆமாம், நம் ஊரில் அண்ணன்மார்கள் உயிராக வைத்திருக்கும் ஆர்.எக்ஸ். 100 பைக்கின் அதே யமஹா! பியானோ செய்கிற கம்பெனி அல்லவா? காருக்குள்ளே டேஷ்போர்டில் பதித்த மரவேலையும் அவர்களுடையதுதான். 2013-ல் ஒரு 2000 ஜி.டி. ஏலத்தில் 11 லட்சத்து 55 ஆயிரம் டாலருக்குப் போனது.

பிறகு 1989-ல் மாஸ்டா ஒரு குட்டித் திறந்த காரை விட்டது. பெயர் எம்.எக்ஸ்-5. பிரிட்டனின் பழைய லோட்டஸ் எலான் போன்ற கார்களை ஓட்டும் சுகத்தை மறுபடி தர வேண்டும் என்பதே அதைச் செய்தவர்களின் ஆசை. அதற்குள் பிரிட்டனில் பல கம்பெனிகள் மூடிவிட்டன. குரு மறந்த பாடத்தைச் சீடன் நினைவு வைத்திருந்தான். 10 லட்சத்துக்கும் மேல் விற்று, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகச் சாதனையே படைத்தது.

ஜப்பான் எஞ்சின் நம் பந்தயங்களுக்கும் வந்தது. கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி 800-ன் குட்டி எஞ்சினைப் பொருத்தி 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1988-ல் உருவாக்கினார். குறைந்த செலவில் பையன்கள் பந்தயம் பழக அது வழி செய்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான். கரிவர்தன் 1995-ல் ஒரு விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான்.

காரைத் தின்னும் பூச்சி

பழைய காரை வாங்கப் போகிறவர் முதலில் என்ன கேட்பார் தெரியுமா? "எத்தனை கிலோமீட்டர் ஓடியது?" என்றல்ல. "எந்த ஊரில் நின்றது?"

கோவையில் கொட்டகைக்குள் நின்ற கார் என்றால் முகம் மலரும். கடற்கரையோரம் நின்றது என்றால் யோசிப்பார். பழவேற்காட்டுக் குழந்தைகளுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். லைட்ஹவுஸ் குப்பத்திலோ கோட்டைக்குப்பத்திலோ ஒரு புது சைக்கிளை வாசலில் நிறுத்துங்கள். அதன் செயின் எத்தனை மாதம் தாங்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்!

இரும்பு, காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன், தண்ணீர், இந்த மூன்றும் சேர்ந்தால் துரு பிறக்கும். அப்படிப் பிறக்கும்போது இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத சின்ன மின்னோட்டம் நடக்கிறது. சாதாரண நீரில் அது தத்தித் தத்தி நடக்கும். உப்பு கலந்த நீரிலோ தார்ச்சாலையில் ஓடுவதுபோல ஓடும். உப்புக்காற்று தொடும் இரும்பு சீக்கிரம் அரிப்பது இதனால்தான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களும் ஜப்பான் கார்களும் துருவில் போட்டி போட்டன. இன்றைய கார்களைப்போலத் துத்தநாகப் பூச்சு அவற்றின் தகட்டுக்குக் கிடையாது. கதவின் அடிப்பகுதி, வாசற்படிக்குள் இருக்கும் பொந்து, இங்கெல்லாம் சேறும் ஈரமும் தங்கி, வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே தகடு அப்பளமாகிவிடும்.

சிலர் அந்த ஓட்டையை மறைக்கப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்து விற்றுவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, காந்தம். துணி சுற்றிய காந்தத்தைக் காரின்மேல் நகர்த்தினால், தகடு இருக்கிற இடத்தில் 'டப்' என்று ஒட்டும். பட்டி இருக்கிற இடத்தில் வழுக்கி விழும். அலட்டிக்கொள்ளாத துப்பறிவாளன்!

செய்து பாருங்கள்: மூன்று கண்ணாடி டம்ளர்கள், நான்கு இரும்பு ஆணிகள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டம்ளரில் நல்ல தண்ணீர், ஓர் ஆணி. இரண்டாவதில் இரண்டு ஸ்பூன் உப்புக் கரைத்த தண்ணீர், ஓர் ஆணி. மூன்றாவதிலும் உப்புத் தண்ணீர். ஆனால் ஆணியில் தேங்காய் எண்ணெய் நன்றாகத் தடவிப் போடுங்கள். நான்காவது ஆணியை உலர்ந்த தட்டில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் எந்த ஆணி வெல்கிறது? துருவேறிய ஆணியை வெறும் கையால் அழுத்தாதீர்கள்.

பிரிப்பது சுலபம், பூட்டுவது?

பழைய காரைச் சீராக்குவதில் முதல் ஆயுதம் ஸ்பானர் அல்ல, கேமரா! பிரிக்கும் முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துவிட வேண்டும். கழற்றிய போல்ட்டுகளைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு, 'இடது கதவு, மேல் கீல்' என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் பூட்டும்போது யாருக்கு நினைவிருக்கும்?

ஸ்பானரிலும் சிக்கல் உண்டு. பிரிட்டிஷ் கார்களின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. ஜப்பான் கார்களோ மில்லிமீட்டர். ஒன்றின் ஸ்பானரை மற்றதில் போட்டால் விளிம்பு தேய்ந்து, போல்ட் உருண்டையாகிவிடும். பிறகு அதைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பல வருடம் நின்ற எஞ்சினுக்குள் பிஸ்டன் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரக்காரர்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். உள்ளே ஏதாவது உடையும். விஷயம் தெரிந்தவர்கள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் எண்ணெய் ஊற்றிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பார்கள். பிறகு கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பார்கள். நகரவில்லையா? மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. தூண்டில் போடுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை தெரியும்.

அப்புறம் ஒயரிங். பழைய பிரிட்டிஷ் கார்களில் லூகாஸ் கம்பெனியின் மின்சாதனங்கள் இருக்கும். இரவில் திடீரென்று விளக்கு அணைந்துவிடும் என்று கிண்டல் செய்து, லூகாஸுக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள் இங்கிலாந்துக்காரர்கள். அந்த லூகாஸோடு சேர்ந்துதான் 1961-ல் நம் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கப்பட்டது.

இப்போது வருகிறது பெரிய கேள்வி. எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது? பிரிட்டனில் 1988 முதல், எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு முழு உடலையே பழைய அச்சுகளை வைத்துப் புதிதாகச் செய்து விற்றார்கள். எஞ்சினையும் இருக்கையையும் எடுத்து அதில் மாட்டிவிட்டால் துருவே இல்லாத கார் தயார். சரி, அது 1965-ல் பிறந்த காரா, போன மாதம் பிறந்த காரா?

நீதிபதி சொன்ன விடை

'ஓல்டு நம்பர் ஒன்' என்பது ஒரு பென்ட்லி பந்தயக் காரின் செல்லப்பெயர். பிரான்சில் நடக்கும் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வென்ற பிரிட்டிஷ் வீரன் அது. பந்தயக் கார் என்றால் சும்மா இருக்குமா? ஓடியது, உடைந்தது, மாற்றினார்கள். மறுபடி ஓடியது. 1932-ல் ஒரு கோரமான விபத்து, ஓட்டியவர் இறந்துபோனார். காரை மறுபடி சீராக்கி, வேறு உடல் பூட்டினார்கள்.

கிட்டத்தட்ட 60 வருடம் கழித்து அதற்கு ஒரு கோடி பவுண்டு விலை பேசப்பட்டது. வாங்க முன்வந்தது, ஜப்பானியப் பணத்தில் இங்கிலாந்தில் நடந்துவந்த ஒரு நிறுவனம். பேரம் முடிந்தபிறகு, "இதில் 1929-ன் பாகம் எதுவுமே இல்லைபோல இருக்கிறதே! இது எப்படி ஓல்டு நம்பர் ஒன் ஆகும்?" என்று வாங்குபவர் பின்வாங்கினார். விற்பவர் வழக்குப் போட்டார்.

1990-ல் நீதிபதி ஓட்டன் தீர்ப்பு சொன்னார். கார் முதன்முதலில் செய்தபோது இருந்த அதே பொருள் இல்லைதான் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், ஒரே நாளில் அதைக் கலைத்துவிட்டு வேறு கார் செய்யவில்லை. ஓட ஓட, தேயத் தேய, கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அதன் வரலாற்றில் இடைவெளி இல்லை. 'நான்தான் ஓல்டு நம்பர் ஒன்' என்று சொல்லிக்கொள்ள உலகில் வேறு காரும் இல்லை. ஆகவே, இதுதான் அது! வாங்குபவர் தோற்றார்.

அப்படியானால் பழவேற்காட்டுப் படகும் தாத்தா படகுதான், இல்லையா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் எல்லாப் பலகையையும் ஒரே நாளில் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்திருந்தால்? நீதிபதியே தாடையைச் சொறிந்திருப்பார்!

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. ஜாகுவார் கம்பெனி 1963-ல் எடை குறைந்த இ-டைப் பந்தயக் கார் 18 செய்யத் திட்டமிட்டு, 12-தான் செய்தது. மிச்சம் ஆறு எண்கள் ஏட்டில் சும்மா கிடந்தன. 2014-ல் அந்த ஆறு எண்களையும் எடுத்து, ஆறு கார்களைப் புதிதாகச் செய்தார்கள். எண் 50 வயது, உலோகம் நேற்றையது. இதைப் பழைய கார் என்பதா, புதுக் கார் என்பதா? இன்றும் காரசாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்க் போடுங்கள், பார்ப்போம்

இந்தக் குழப்பத்துக்குப் பிரிட்டிஷ் அரசு பல வருடம் ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தது. மிகவும் மாற்றப்பட்ட காருக்குப் பழைய பதிவு எண் நீடிக்க வேண்டுமா? எந்தப் பாகம் பழசு என்று பார்த்து மார்க் போடுவார்கள். சேஸிஸுக்கு 5; சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் பகுதி, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2; எஞ்சினுக்கோ வெறும் 1! பாஸ் மார்க் 8. இதயத்தைவிட முதுகெலும்புக்குத்தான் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம் நாட்டில் 2021-ல் விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, தனியார் உபயோகத்துக்கான பைக்கோ காரோ, அசல் வடிவத்தில் இருந்தால் அதை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். மாநில எழுத்துகளுக்குப் பின் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் தருவார்கள். அந்தக் காரில் தினமும் ஆபீஸ் போக முடியாது; கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். 1961 முதல் பத்து வருடங்களில் வண்டலூரிலிருந்து வெளிவந்த ஹெரால்டுகள் எல்லாமே 50 வயதைத் தாண்டிவிட்டன. துரு பிடித்துக் காயலான் கடைக்குப் போனவை போக, எஞ்சியவை எத்தனை அசலாக இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

அதனால்தான் பளபளவென்று இருக்கும் காரைவிட, பெயின்ட் மங்கி, இருக்கைத் தோல் சுருங்கி, ஆனால் எல்லாமே பிறந்தபோது இருந்ததாக இருக்கும் காருக்குச் சில சமயம் விலை அதிகம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாசலில் எலும்புக்கூடு சிற்பம் பயமுறுத்துமே, அதேதான்! 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்களின் ஆட்கள் அங்கே உறங்குகிறார்கள். தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. தேய்ந்த எழுத்துகளை யாராவது உளி எடுத்து ஆழமாக வெட்டி, தங்க வர்ணம் பூசினால் 'ஆகா' என்போமா? காருக்கும் அப்படித்தான். ஒரு தடவை சுரண்டிய அசல் பெயின்ட் திரும்பி வராது. ஆனால் சுரண்டாமல் விட்டால் உப்புக்காற்று விடுமா? அதுவும் விடாது. எவ்வளவு மாற்றுவது, எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்க முடியாமல் வருடக்கணக்கில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே மோசம். தார்ப்பாய்க்குள் ஈரம் சேர்ந்து, துருவுக்குக் கல்யாண விருந்து!

கம்பெனிகளும் இப்போது விழித்துக்கொண்டன. 2017-ல் மாஸ்டா, தன் முதல் எம்.எக்ஸ்-5 கார்களை ஜப்பானில் தானே சீராக்கித் தர முன்வந்தது. மாருதி 1983-ல் விற்ற தன் முதல் 800 காரைத் தேடி எடுத்துச் சீராக்கி, 2022-ல் தன் தலைமை அலுவலகத்தில் நிறுத்திவைத்தது.

பழைய கார்களை நேரில் பார்க்க ஆசையா? கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் கண்காட்சிகளுக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போகலாம். அங்கே ஹெரால்டு நின்றால் தொடாதீர்கள். "மாமா, பானெட்டைத் திறந்து காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சந்தோஷமான கேள்வி கிடையாது! முதலை வாய் திறந்ததும் உள்ளே சேஸிஸ் எண் தகடு எங்கே இருக்கிறது, எஞ்சின்மேல் பொறித்த எண் எது, இரண்டும் பதிவுப் புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிறகு கதவுகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால், அது இந்தியாவுக்கு வெளியே எங்குமே செய்யப்படாத ஹெரால்டு.